கார் மேல் சொட்டிய குளம்

எங்கள் அபார்ட்மெண்டை விற்கும்போது காட்டிய படத்தில் ஒரு பேபி பூல் இருந்தது. நீலத் தண்ணீரில் கொழுகொழுவென்று வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன. பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் அந்தக் குழந்தைகளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்காமல்தான் வாங்கினோம். குடிவந்து பார்த்தபோது குளம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. எங்களுக்குக் குளிக்கவே டேங்கர் லாரி வந்தால்தான் உண்டு. இதில் குழந்தைகள் நீந்த யார் தண்ணீர் கொடுப்பார்கள்? கொஞ்ச காலத்தில் அதற்குள் உடைந்த சைக்கிள்களும், யாரோ வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போன மெத்தையும், கால் ஒடிந்த கேரம் ஸ்டாண்டும் குடியேறின.

நான் பிழைப்புக்கு நீச்சல் குளங்களும் நீரூற்றுகளும் வரைகிறவள். தொம்மலூரில் ஆபீஸ். மொட்டைமாடிக் குளம், ஓட்டல் வாசல் நீரூற்று, கல்யாண மண்டபத்துச் செயற்கை அருவி என்று எது வரைந்தாலும் ஒரே விதிதான்: அதில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. ஒரு மூலையில் நகத்தளவு பாசி பிடித்தாலும் வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்துவார். இத்தனை வருஷத்தில் நான் வரைந்த தண்ணீரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஓர் ஏரி நிறையும். அதில் ஒரு தவளைகூட இருக்காது. இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வேலையை விட்டு ஓய்வதற்குள் உயிருள்ள குளம் ஒன்றாவது வரைந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மற்றவர்களுக்கு இது சின்ன ஆசையாக இருக்கலாம், எனக்கு அப்படியில்லை.

ஆகவே அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, பேபி பூலை என்னிடம் கொடுங்கள், நம் பக்கத்து ஏரிக்கரைச் செடிகள் வளரும் குளமாக மாற்றித் தருகிறேன் என்றேன். கூட்டம் என்னைப் பார்த்துவிட்டு செகரட்டரியைப் பார்த்தது. எங்கள் செகரட்டரி பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது தொம்மலூரில். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர். கன்னடத்தில் திட்டுவார், தமிழில் சாமி கும்பிடுவார், இங்கிலீஷில் சர்க்குலர் எழுதுவார். அவருக்கும் அந்தக் குளத்தின்மேல் ஒரு திட்டம் இருந்தது.

"அதை மூடி கான்கிரீட் போட்டா ரெண்டு விசிட்டர் கார் நிக்கும் மேடம். செடி பார்க்கணும்னா லால்பாக் இருக்குதே?" என்றார்.

"லால்பாக் போய்த் திரும்பி வர ஒரு நாள் ஆகும் சார்" என்று நான் சொன்னதும் கூட்டம் சிரித்தது. ஓசூர் ரோட்டு டிராஃபிக்கைச் சொன்னால் எங்கள் ஆட்கள் யார் பக்கமும் சாய்வார்கள். கடைசியில் செகரட்டரி ஒரு வருஷம் கெடு கொடுத்தார். அடுத்த ஜெனரல் பாடி கூட்டத்துக்குள் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், கொசு வரக் கூடாது, புகார் வரக் கூடாது. இதில் எது தவறினாலும் கான்கிரீட். அதற்குள் நானே சலித்துப்போய் விட்டுவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் கோபத்தைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

குளம் வரைவது எனக்குக் கைப்பழக்கம். ஆனால் செடிகளுக்குக் குளம் வரைவது தலைகீழான வேலை. மனிதர்கள் இறங்கும் குளத்தில் கரை செங்குத்தாக நிற்க வேண்டும், செடிகளின் குளத்தில் சோம்பேறித்தனமாகச் சரிய வேண்டும். ஒன்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றதில் சும்மா கிடக்க வேண்டும். எங்கள் குளத்துக்குக் கீழே பேஸ்மெண்ட் பார்க்கிங் என்பதால் மண்ணின் எடையையும் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று படிகளாக வரைந்தேன். முதல் படியில் கணுக்கால் நனையும் தண்ணீர், அங்கே வல்லாரையும் ஆரைக்கீரையும். அடுத்த படியில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, அங்கே கோரையும் வசம்பும். நடுப்பள்ளத்தில் ஆம்பல். நூற்றுக்கணக்கான குளங்களுக்கு இல்லாத அக்கறையோடு, கோட்டுக்குக் கோடு ரசித்து வரைந்தேன்.

என் கணவர் சேலத்துக்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார், என்னைத் தவிர. என்னைச் சோதித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அடியில ஷீட் போட்டுடலாமே? உங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் அதானே போடுறீங்க?"

"ஏரிக்கு யாருங்க ஷீட் போட்டாங்க?" என்றேன். அவர் படத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

பிளாஸ்டிக் வேண்டாம், களிமண்ணை மிதித்துப் பரப்பினால் போதும், தண்ணீர் நிற்கும் என்பது என் கட்சி. களிமண்ணுக்குச் சொல்லிவிட்டேன். லாரிக்காரர் "ஃபஸ்ட் கிளாஸ் களிமண் மேடம்" என்று கொட்டிவிட்டுப் போனதில் பாதி செம்மண், மீதியில் உடைந்த டைல்ஸ். திருப்பி எடுத்துப்போகச் சொன்னால் அவர் போனையே எடுக்கவில்லை. சலித்து, நனைத்து, நானும் என் கணவரும் மிதித்தோம். தண்ணீருக்கு வீடு வீடாகப் போய், ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து வைக்கச் சொன்னேன். மீதியை ஜூன் மாத மழை பார்த்துக்கொண்டது.

செடிகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனேக்கல் பக்கத்து ஏரிகளுக்குப் போவோம். நான் சேற்றில் இறங்குவேன், அவர் பக்கெட்டோடு கரையில் நிற்பார். வாக்கிங் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"ஏன் சார், மேடம் மொபைல் விழுந்துடுச்சா?"

"இல்ல சார். கீரை."

"கீரையா? மார்க்கெட்ல கட்டு கட்டா இருக்குதே சார்!"

அவர்கள் போன பிறகு அவர் என்னைப் பார்ப்பார். நான் சேற்றைப் பார்ப்பேன்.

நான் தேடியது ஆரைக்கீரை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மெல்லிய காம்பின் உச்சியில் நாலு சின்ன இலைகள் கூட்டல் குறி மாதிரி விரிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும், சேற்றில் நிமிர்ந்து நிற்கும், பூ பூக்காது. வெயில் சாய்ந்ததும் நாலு இலையையும் மடித்துக்கொண்டு தூங்கிவிடும். ஏரி வற்றினால் மிளகைவிடச் சின்னதாகக் கெட்டிக் காய்களைச் சேற்றில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். அடுத்த தண்ணீர் எப்போது வருகிறதோ வரட்டும் என்று அவை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். எனக்கு அதன்மேல் ஒரு பைத்தியம். ஆம்பல் பூத்தால் லிஃப்டுக்குப் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரையைப் பார்க்கக் குனிய வேண்டும்.

அந்த ஆரைதான் என் குளத்தில் நிற்கவே இல்லை. முதல் தடவை நட்டதை ஹவுஸ்கீப்பிங் அக்கா களை என்று பிடுங்கி, முதல் படியைப் பளிச்சென்று பெருக்கிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை, எங்கள் கார்டனர் அண்ணன் கருணை காட்டினார். "எரு போடாம எதுவும் வராதும்மா" என்பது அவருடைய கொள்கை. நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் ஒரு மூட்டை எருவைக் கொட்டினார். குளம் பச்சைப் பாயசமாகி, ஆரை அதற்கடியில் அழுகிப்போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு, எரு பற்றவில்லை என்றார். மூன்றாம் தடவை கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, பூட்டும் போட்டேன். ஆரை பரவ ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் வேலி ஓரமாக இருந்தது முழுக்க மொட்டை. மூன்றாவது மாடி அக்கா லிஃப்டில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வேலிக்குள்ள கைய விட்டுப் பறிச்சேன், கோவிச்சுக்காதீங்க. பருப்பு போட்டுக் கடைஞ்சா அப்படி ஒரு ருசி. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் இருக்குது, அவருக்கு நல்லதாமே? இன்னும் கொஞ்சம் வைங்களேன்."

மிச்சமிருந்ததையும் அவர் அடுத்த வாரம் கடைந்தார். நாலாம் தடவை எடுக்கப் போனபோது அந்த ஏரியைச் சுற்றி வேலி போட்டு, கரையெல்லாம் கல் பதித்து, நடைபாதையும் கிரானைட் பெஞ்சும் போட்டிருந்தார்கள். ஆரை இருந்த இடத்தில் செல்ஃபி எடுக்க ஒரு சிவப்பு ஃபைபர் இதயம் நின்றது. நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஏரியாவில் யாருக்கும் புரியாத எங்கள் ஊர் வேலூர் வசவுகளில் கொஞ்சம் திட்டினேன். என் கணவர் காலி பக்கெட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

இதற்கு நடுவில் குளத்துக்கு அன்பளிப்புகள் வேறு. ஒருவர் ஆகாயத்தாமரை கொண்டுவந்தார், பூ அழகாக இருக்குமாம். இன்னொருவர் தன் பையனுக்கு அலுத்துப்போன ஆமையைத் தத்துக் கொடுக்கப் பார்த்தார். பூவும் காசும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: இதில் பூ, காசு, மீன், ஆமை எதையும் போடக் கூடாது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், இந்தி நாலிலும் எழுதினேன். திட்டும்போது மொழி பேதம் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பிறகுதான் குளம் ஒழுகுவதைக் கவனித்தேன். கோரைக்கு நடுவே அளவு பார்க்க நட்டிருந்த குச்சியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. வெயில் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் மழை பெய்த நாளிலும் இறங்கியது. ஊருக்கெல்லாம் குளம் வரைகிறவளின் சொந்தக் குளம் ஒழுகுகிறது. பல் டாக்டருக்கே சொத்தைப் பல் வந்த மாதிரி, யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீரில் கொஞ்சம் சாயத்தை விட்டு, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்ப்பது. ஆபீஸ் சாயத்தில் என்ன கெமிக்கல் இருக்கிறதோ, செடிகளுக்கு ஆகாது என்று வீட்டில் தேடினேன். ஃப்ரிட்ஜில் ரோஸ் மில்க் சிரப் பாட்டில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதை இரண்டாம் படியில் கோரை ஓரமாக ஊற்றிவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் கொஞ்சம் சுற்றியது, மண்ணுக்குள் போனது, காணாமல் போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. மறுநாள் காலை செகரட்டரி போன் செய்தார். கோபம் வந்தால் அவர் தமிழுக்குள் கன்னடம் புகுந்துவிடும்.

"மேடம், சொல்ப, கொஞ்சம் பேஸ்மெண்டுக்கு வர்றீங்களா?"

இங்கே செகரட்டரியின் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கார். ரிட்டயர்மெண்ட் பணத்தில் வாங்கியது. தினமும் காலையில் மஞ்சள் துணியால் அவரே துடைப்பார். வாட்ச்மேனைத் தொட விடமாட்டார். அந்தக் கார் நிற்கும் இடம் பேபி பூலுக்கு நேர் கீழே என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கூரையிலும் பானெட்டிலும் ரோஸ் நிறப் புள்ளிகள். பேஸ்மெண்டே கும்மென்று மணத்தது.

"இது ஏனு மேடம்?"

"டெஸ்ட் சார்."

"என் கார் மேலயா டெஸ்ட்?"

"குளத்துலதான் சார் ஊத்தினேன். ரிசல்ட் உங்க கார் மேல வந்துடுச்சு."

"எறும்பு மேடம்! பாருங்க, சாரி சாரியா எறும்பு! ஊர்ல யார் காருக்காவது எறும்பு வந்து பார்த்திருக்கீங்களா?"

"காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமே சார்?"

"எங்க நிறுத்தறது? அதுக்குத்தானே மேடம் பார்க்கிங் வேணும்னு தலைதலையா அடிச்சிக்கிறேன்!"

நான் குனிந்து பானெட்டில் ஏறிய எறும்புகளைத் தட்டிவிட்டேன். நான் அப்படிப் பணிந்துபோவது அபூர்வம் என்பதால், கூடவே வந்திருந்த என் கணவர் அதை ரசித்ததாகச் சந்தேகப்படுகிறேன். செகரட்டரி மஞ்சள் துணியை உதறி மடித்தார்.

"ஜெனரல் பாடி வரைக்கும் டைம் கொடுத்தேன். அதுக்குள்ள சொட்டுறது நின்னா சரி. நிக்கலையா, கான்கிரீட். ஆய்த்தா?"

அன்று முதல் அவர் காரின் கூரையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்தார். டொக், டொக் என்று அதில் சொட்டும். லிஃப்டுக்கு நிற்கும்போதெல்லாம், லிஃப்ட் பள்ளம் வழியாக ஏறிவரும் அந்தச் சத்தத்தில், என் குளம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் குழைத்துப் பூசினேன். ஆபீஸில் சொல்லி ஏதோ பசை வாங்கிவந்து அப்பினேன். விரிசல் மண்ணுக்கடியில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதை அடைப்பது? எல்லாச் செடியையும் பிடுங்கி, மண்ணை வாரி, முதலிலிருந்து தொடங்கினால்தான் முடியும். அதற்குள் கூட்டம் வந்துவிடும். கோரையில் அப்போதுதான் ஒரு தட்டான் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதன் தலையில் கான்கிரீட் விழப்போகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. வருஷா வருஷம் எல்லா வீட்டுப் பிள்ளையாரையும் பார்க்கிங்கில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கரைப்பது எங்கள் வழக்கம். அதற்காகவே செகரட்டரி சர்க்குலர் அனுப்புவார்: பச்சை மண் பிள்ளையார் மட்டும்தான், பெயிண்ட் அடித்தது கூடாது. ஐந்தாவது மாடியில் ஒரு குடும்பம் விதை பிள்ளையார் வாங்கும்; வயிற்றுக்குள் தக்காளி விதையோடு வருமாம். எதற்கும் இருக்கட்டும் என்று என் போர்டில் ஆமைக்குப் பக்கத்தில் பிள்ளையாரையும் சேர்த்து எழுதினேன். வேலி கேட்டின் சாவி எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கியது. பத்திரமான இடம் என்று நம்பினேன்.

கரைக்கிற நாள் எனக்கு ஆபீஸ். சீக்கிரம் கிளம்பியும் சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகரவில்லை. நான் கேட்டுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தமட்டை மேளம் காதைக் கிழித்தது. சத்தம் பார்க்கிங்கிலிருந்து வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் செகரட்டரி, நெற்றி நிறைய விபூதி. குளத்து வேலியின் கேட் திறந்து கிடந்தது. என் குளத்தில், என் இரண்டாம் படியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். கரையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாராக நீட்ட, அவர் வாங்கி வாங்கி முக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது!"

"டிரம்முல ஓட்டை" என்றார். "இத்தனை பிள்ளையாரை எங்க கொண்டுபோறது? இங்கதானே தண்ணி இருக்கு?"

"இதுவும் ஓட்டைதாங்க!" என்று கத்தினேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தமட்டை நின்றது. எங்கள் அபார்ட்மெண்ட் முழுவதும் அதைக் கேட்டது.

செகரட்டரிதான் முதலில் பேசினார். "ஓட்டையோ கீட்டையோ, சாமி காரியம் மேடம். நான்தான் சாவி கேட்டேன். வேண்டாம்னு சொல்ல முடியுமா?" அவர் முகத்தில் பக்தி இருந்தது. கூடவே, பக்தி அல்லாத ஒரு நிம்மதியும் இருந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஆம்பல் இலைகள்மேல் சேறு படிந்து, எது இலை எது சேறு என்று தெரியவில்லை. ஒரு வருஷ உழைப்பு என் கண் முன்னால் குழம்பிக் கிடந்தது.

"நம்ம பிள்ளையார் வீட்டுலதான் இருக்கார். நீ வரட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார் என் கணவர், இன்னும் தண்ணீரில் நின்றபடி.

நான் மேலே போய், எங்கள் பிள்ளையாரை பாத்ரூம் பக்கெட்டில் கரைத்தேன். சாமியிடம் எனக்குச் சண்டை இல்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கரைத்தேன். அழுகையாக வந்தது.

அதன் பிறகு கணவரோடு பேச்சை நிறுத்தினேன். எண்ணெய் தீர்ந்துவிட்டது, கேஸ் புக் பண்ண வேண்டும் போன்ற அவசியமான விஷயங்களை அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "இதை வீட்டிலேயே சொல்லலாமே" என்று யாரோ எழுதினார்கள். என் கணவர் அதற்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டார்.

ஒரு நாள் காலை லிஃப்டுக்கு நிற்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தேன். டொக் சத்தம் இல்லை. பேஸ்மெண்டுக்கு இறங்கினால், செகரட்டரி காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். டப்பா காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் டப்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் குளத்துக்கு ஓடினேன். குச்சியில் தண்ணீர் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் லாரியில் வாங்கிய மண்ணால் முடியாததைப் பிள்ளையார்களின் மண் செய்துவிட்டது. வெண்ணெயாகக் குழைத்த ஏரிக் களிமண். தண்ணீரில் கரைந்து மிதந்தது, தண்ணீர் எந்த விரிசலைத் தேடி ஓடியதோ அதே விரிசலுக்குள் இழுபட்டுப் போய் அடைத்துக்கொண்டது. இத்தனை பெரிய விஷயம் நடந்திருக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லை, ஏனென்றால் நான் அவரோடு பேசுவதில்லை. அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் பேசினேன்.

"தண்ணி நிக்குதுங்க."

"தெரியும்" என்றார். "தினம் காலையில போய்க் குச்சியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

தீபாவளி கழிந்து கூட்டம் வந்தது. நான் லேப்டாப்பும் படங்களுமாகப் போனேன். அதற்குள் குளத்தின் கரையோரமெல்லாம் தக்காளிச் செடி. நம் ஊர் நீர்ச்செடிகளைத் தவிர எதையும் விடமாட்டேன் என்று மார்தட்டியவளின் குளத்தில், ஐந்தாவது மாடிப் பிள்ளையாரின் தயவில், தக்காளி காய்த்துத் தொங்கியது. பிடுங்கப் போனபோது மூன்றாவது மாடி அக்கா வேலிக்கு வெளியே கூடையோடு நின்றிருந்தார், கையை எடுத்துவிட்டேன். கூட்டத்தில் நான் எழுந்திருக்கும் முன் செகரட்டரி எழுந்தார்.

"குளம் விஷயத்துல நான் கான்கிரீட்னு சொன்னது உண்மை" என்றார். "ஆனா அது பிள்ளையாருக்கு முன்னாடி. இப்ப நம்ம எல்லார் வீட்டு சாமியும் அதுக்குள்ள இருக்குது. அது மேல காரை ஏத்துவீங்களா? நான் ஏத்த மாட்டேன். இன்னொண்ணு, மேடம் எவ்வளவோ பார்த்தாங்க, ஓட்டை நிக்கலை. சாமி இறங்கினாரு, என் கார் மேல ஒரு சொட்டு விழலை. இதுக்கு மேல ஏனு வேணும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு நாக்கு துடித்தது. களிமண் எப்படி விரிசலை அடைக்கிறது என்று படம் போட்டு விளக்க லேப்டாப் தயாராக மடியில் இருந்தது. நான் எழுந்திருக்க அசைந்தேன். என் கணவர் தன் செருப்புக் காலை என் கால்மேல் வைத்து அழுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த பேருதவி அது. விளக்கினால் அது வெறும் மண்ணாகிவிடும். வெறும் மண்மேல் காரை நிறுத்தலாம். நான் விளக்கத்தை முழுங்கிக்கொண்டு லேப்டாப்பை மூடினேன். குளம் பிழைத்தது. அக்கா மட்டும் எழுந்து, தக்காளி நாட்டுத் தக்காளிதான், நல்ல புளிப்பு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மார்கழிக் குளிரில் தண்ணீர் தெளிந்தது. ஒரு காலையில் முதல் படியில் புதிதாக ஏதோ முளைத்திருந்தது. ஊசியாக ஒற்றை இலை. யாருடைய பிள்ளையாரின் கீரை விதையோ என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் அடுத்த இலை வந்தது, நுனியில் இரண்டாகப் பிரிந்து. வெந்தயமோ என்று பிடுங்கக் கை வைத்தேன். ஆபீஸிலிருந்து போன் வந்ததால் எழுந்து போனேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து பார்த்தபோது, மெல்லிய காம்பின் உச்சியில் நாலு இலைகள் விரிந்திருந்தன. ஒன்றல்ல, படி நெடுக.

நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வந்த என் கணவர் பயந்துபோனார்.

"எதுக்கு அழற?"

"ஆரைங்க."

அவரும் குனிந்து பார்த்தார். "இதை யார் நட்டது?"

யாரும் நடவில்லை. ஏதோ ஓர் ஏரியின் சேற்றில் வருஷக்கணக்கில் கிடந்த காய்கள், தோண்டிய மண்ணோடு போய், குழைத்த கையில் அரைபட்டு, யார் வீட்டுப் பிள்ளையாரின் தொந்தியிலோ காதிலோ பூஜை வாங்கிக்கொண்டு, என் போர்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கின்றன. அந்த ஏரிக்கும் இப்போது வேலி போட்டிருப்பார்களோ என்னவோ. இதை அவரிடம் விளக்கினேன். இந்தத் தடவை காலை மிதிக்காமல் முழுக்கக் கேட்டார்.

"அப்ப சாவி கொடுத்ததை மன்னிச்சிட்டியா?"

"அது வேற கேஸ்" என்றேன்.

அடுத்த சதுர்த்திக்கு போர்டிலிருந்து பிள்ளையாரை அழித்தேன். கேட்டைத் திறந்து வைத்து, வருகிற பிள்ளையாரையெல்லாம் நானே முதுகில் நகத்தால் கீறிப் பார்த்தேன். வர்ணம் பூசியதைத் திருப்பி அனுப்பினேன். வாங்கும்போது எந்த ஏரி மண் என்று விசாரித்தீர்களா என்று எல்லாரையும் கேட்டேன். யாரும் விசாரித்திருக்கவில்லை, பிள்ளையாரிடம் யாராவது ஊர் கேட்பார்களா என்று மூன்றாவது மாடி அக்கா கேட்டார். கடைசியாக செகரட்டரி வந்தார், பிள்ளையாரை வெள்ளைத் துண்டில் ஏந்திக்கொண்டு.

"நான் கேட்டேன் மேடம். ஏரி மண்ணுதானாம். எந்த ஏரின்னு விக்கிறவனுக்கே தெரியலை." கொஞ்சம் தயங்கினார். "போன வருஷம் நான் சாவி கேட்டது... குளம் சேறாகி, அதோட ஒழிஞ்சிடும்னுதான் கேட்டேன்."

"தெரியும் சார்."

"இந்த வருஷம் நீங்க கரைங்க" என்று பிள்ளையாரை என் கையில் கொடுத்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெயில் சாய்ந்துவிட்டதால் ஆரை இலைகள் மடிந்துகொண்டிருந்தன. அவற்றை மிதிக்காமல் அடுத்த படிக்குப் போய்ப் பிள்ளையாரைத் தண்ணீருக்குள் விட்டேன். தும்பிக்கை முதலில் போனது, பிறகு காதுகள். முழுதாகக் கரையும்வரை கையை எடுக்கவில்லை. அது எந்த ஏரி என்று இந்த மண்ணிலிருந்து முளைப்பதுதான் சொல்ல வேண்டும்; அதற்குத் தை மாதம் வரை நான் பொறுக்க வேண்டும்.